பட்டன் எழுதிய தலைப்பு

பட்டனுக்கு ஒரே ஓர் ஆசைதான். நூலகத்து மாடி அறையில் இருக்கும் கரும்பலகையில், ஒரு தடவையாவது அவள் எழுத வேண்டும்.

இதென்ன பெரிய ஆசை என்று நினைக்காதீர்கள். அது பறவைப் பட கிளப்பின் பலகை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு பறவைப் படத்தை அச்செடுத்து வருவார்கள். பெயர் எழுதாமல் சுவரில் ஊசியால் குத்தி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு காகிதக் கோப்பை வைப்பார்கள். பிடித்த படத்தின் கோப்பையில் ஆளுக்கொரு சட்டை பட்டன் போட வேண்டும். அதிகப் பட்டன் விழுந்த படம் ஜெயிக்கும். அதை எடுத்தவர்தான் அடுத்த மாதத் தலைப்பைப் பலகையில் எழுதுவார்.

பட்டன்களைக் கொண்டுவருவது நம் பட்டனின் வேலை. அவள் அம்மா சலவைக் கடை வைத்திருக்கிறார். துணிகளிலிருந்து கழன்று விழுந்து, யாரும் தேடி வராத பட்டன்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அதனால் வந்த பெயர். பத்து வயதுக்கு ஆளும் கொஞ்சம் சின்னவள் என்பதால் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

சிக்கல் என்னவென்றால், ஐந்து மாதமாக ஒரே ஆள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார். அவர் தெருமுனை மருந்துக்கடைக்காரர். அவருடைய கேமரா லென்ஸ் ஒரு முழம் நீளம். பிள்ளைகள் அவருக்குப் பீரங்கி மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் அந்தப் பீரங்கிக்கு ஏற்ற தலைப்பாகவே எழுதுவார். வானத்தில் பருந்து. ஏரிக்கு நடுவே. அக்கரை மரம். மனிதர் தங்கமானவர், வேண்டுமென்று செய்யவில்லை. தன் கையில் இருப்பது எல்லோர் கையிலும் இருக்கும் என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அம்மாவின் பழைய கைபேசியில் பட்டன் பருந்தை எடுத்தால், நீல வானத்தில் ஒரு மிளகு தெரிந்தது. அவளைப் போன்ற மற்றவர்களும் ஒவ்வொருவராகப் படம் கொடுப்பதை நிறுத்தினார்கள். கிளப்பில் இருப்பது இருபத்தொரு பேர். போன மாதம் வந்த படங்கள் ஒன்பது. தான் ஜெயித்தால் என்ன தலைப்பு எழுதுவது என்று பட்டன் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். 'ஒரு அடி தூரத்தில்.' பீரங்கி மாமா என்ன செய்கிறார் பார்ப்போம்.

இந்த மாதத் தலைப்பு 'தாயும் குஞ்சும்.' ஏரித்தீவில் ஒரு நாரைக்கூடு பார்த்து வைத்திருப்பதாக அவர் சொன்னார். பட்டன் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அவளிடமும் ஒரு கூடு இருந்தது.

கடைக்கு மேலேதான் அவர்கள் வீடு. பின்பக்க பால்கனியின் கோடியில் இருந்த செடித்தொட்டிக்குள் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. மாதக் கடைசியில் அதில் மூன்று குஞ்சுகள் பொரிந்தன.

பட்டன் கைபேசியோடு பூனை நடை நடந்து போனாள். தாய்க்குருவி சட்டென்று எதிர் கம்பிக்குப் பறந்தது. கொண்டை விறைத்து நின்றது, வாயில் புழு துடித்தது. அது கத்திக்கொண்டே இருந்ததே தவிர, கூட்டுக்கு வரவில்லை. குஞ்சுகள் வாயைப் பிளந்து பிளந்து ஓய்ந்தன. பட்டன் கைபேசியைத் தாழ்த்தினாள். உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள். அடுத்த நொடியே குருவி கூட்டில் இருந்தது.

கிளப்பில் கறாரான விதி ஒன்று உண்டு. பறவை பயந்திருந்தால் படம் செல்லாது. விதியே இல்லாவிட்டாலும், பசித்த குஞ்சுகளைக் காக்க வைத்துப் படம் எடுக்க அவளுக்கு மனம் வராது.

மறுநாள் அம்மா பால்கனிக் கொடியில் போர்வைகளைக் காயப் போட்டார். பட்டன் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். காற்றில் போர்வை படபடத்தது. குருவி அதைச் சட்டை செய்யவே இல்லை, பக்கத்திலேயே பறந்து போனது. பட்டனின் மூளையில் பளிச்சென்று ஒன்று பட்டது. குருவிக்கு மனிதர்கள்தான் ஆகாது. துணி ஆகும்.

வாடிக்கையாளர் துணியில் கை வைத்தால் நடப்பதே வேறு என்று அம்மா சொல்லிவிட்டு, வீட்டுப் பழைய போர்வைகள் இரண்டைக் கொடுத்தார். பட்டன் அவற்றைக் கதவோரம் குறுக்கே கட்டினாள். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு, கிளிப் போட்டாள். முதல் நாள் அதோடு சரி. மறுநாள் குருவி இரை தேடப் போன நேரத்தில், போர்வையை ஒரு முழம் முன்னால் நகர்த்தினாள். அதற்கடுத்த நாள் இன்னொரு முழம். ஆறாம் நாள் போர்வை கூட்டுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. பின்னால் பட்டன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கைபேசியின் க்ளிக் சத்தத்தைக்கூட நிறுத்திவிட்டிருந்தாள்.

"துணி காயுதோ இல்லையோ, நீ நல்லா காயுற" என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமை பீரங்கி மாமா தன் வெள்ளைக் கோட்டைத் துவைக்கக் கொடுக்க வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. காற்று அடித்ததில் கிளை முறிந்து நாரைகள் தீவை விட்டே போய்விட்டனவாம். பத்து நாளாக விடியற்காலையில் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தாராம். மிஞ்சியது காலிக் கூட்டின் படம்தான்.

அப்போது மாடியிலிருந்து கீச் கீச் என்று சத்தம் வந்தது. அவர் தலையைத் தூக்கினார். அது என்ன சத்தம் என்று கேட்டார்.

பட்டன் மாடிப்படியைப் பார்த்தாள். மின்விசிறி கிறீச்சிடுகிறது என்று சொல்லிவிடலாம். அவர் மேலே வந்தால் ஆறாவது முறையும் அவர்தான் ஜெயிப்பார். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார்.

அவர் பத்து நாள் காத்திருந்தது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. அவளும்தானே காத்திருந்தாள்.

"கொண்டைக்குருவி மாமா. மூணு குஞ்சு இருக்கு. வாங்க, ஆனா பேசக்கூடாது. செருப்பையும் கழட்டிடணும்."

அவர் ஓடிப்போய்ப் பீரங்கியோடு வந்தார். போர்வை இடைவெளியில் லென்ஸை நுழைத்தார். ஒரே மங்கல். திருகினார், மறுபடியும் மங்கல். அந்த லென்ஸுக்கு நான்கு மீட்டருக்குள் இருக்கும் எதுவும் தெளிவாகத் தெரியாது. அவர் பின்னால் ஓரடி வைத்தார், இன்னும் ஓரடி வைத்தார். சமையலறைக்குள் போனார், தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொண்டார், கடைசியில் வாசற்படியில் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் போர்வை மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

பட்டன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேமராவைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து அவள் பக்கத்தில் குனிந்து நின்றார்.

குருவி பச்சைப் புழுவோடு வந்தது. கொண்டை தளர்ந்து சாய்ந்திருந்தது. மூன்று வாய்கள் திறந்தன. பட்டன் பொத்தானை அழுத்தினாள். குருவி போய், திரும்பி வந்து, மறுபடி போனது.

பிறகு அவள் கைபேசியை அவரிடம் நீட்டினாள், நீங்களும் ஒன்று எடுங்கள் என்று. அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"இது உன் போர்வை, உன் குருவி, உன் படம்" என்றார் மெல்லிய குரலில். "இவ்வளவு கிட்ட நின்னு நான் பார்த்ததே இல்ல. எனக்கு அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை சுவரில் எட்டே படங்கள். நடுவில் பட்டனின் கொண்டைக்குருவி. எல்லோரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். அப்போது கிளப்பில் ஒருவரான தபால்காரர் முகத்தைச் சுளித்தார்.

"இது கைபேசியில எடுத்தது. இவ்வளவு பெருசா வரணும்னா மூஞ்சிக்கு நேரா நீட்டியிருக்கணும். பறவை மிரளாம இருந்திருக்குமா?"

கிளப்பை நடத்துபவர் பேருந்து ஓட்டும் அக்கா. விதி விஷயத்தில் அவர் சிவப்பு விளக்கு மாதிரி, யாருக்காகவும் மாறமாட்டார். படத்தின் ஊசியைக் கழற்றக் கை வைத்தார். பட்டனுக்கு உலகமே நின்றது. நான்தான் எடுத்தேன் என்று சொன்னால், பெயர் தெரிந்த படம் போட்டியில் இருக்க முடியாது. சொல்லாவிட்டாலும் படம் இறங்கிவிடும்.

"கொஞ்சம் இருங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார். "யாரு எடுத்ததுன்னு சொல்ல மாட்டேன். எடுத்தப்போ நான் பக்கத்துல நின்னேன். அரை மணி நேரத்துல அந்தக் குருவி ஒன்பது தடவை இரை கொண்டு வந்துச்சு. நாங்க இருந்ததே அதுக்குத் தெரியாது. கொண்டையைப் பாருங்க, எவ்வளவு நிம்மதியா இருக்குன்னு."

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். தபால்காரரும் குனிந்து பார்த்தார். பிறகு அவரே ஊசியை அழுத்திக் குத்தினார். முதல் பட்டனும் அவருடையதுதான்.

எண்ணியபோது அந்தக் கோப்பையில் பதினாறு பட்டன்கள் இருந்தன. காலி நாரைக்கூட்டின் கோப்பையில் ஒன்றே ஒன்று. அதைப் போட்டது யார் என்று நான் சொல்லமாட்டேன். அவள் கொஞ்சம் சின்னவள் என்று மட்டும் சொல்கிறேன்.

படம் யாருடையது என்று அக்கா கேட்டார். பட்டன் கையைத் தூக்கியதும் அறையே கைதட்டலில் அதிர்ந்தது. எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியவர் மருந்துக்கடைக்காரர்.

பட்டன் நாற்காலி மேல் ஏறிச் சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்தாள். 'ஒரு அடி' என்று தொடங்கப் போனவள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்காகக் கை சிவக்கத் தட்டிய மருந்துக்கடைக்காரர் ஒரு பக்கம். படம் கொடுக்காமல் பட்டன் மட்டும் போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த பதின்மூன்று பேர் இன்னொரு பக்கம். பீரங்கிக்காரர் தோற்க வேண்டும் என்பதா அவளுக்கு வேண்டியிருந்தது? எல்லோரும் எடுக்க வேண்டும், அவ்வளவுதானே.

பலகை நிறையப் பெரிய எழுத்தில் எழுதினாள்: காகம்.

கடைசி பெஞ்சுகளிலிருந்து சிரிப்பு கிளம்பி முன் வரிசை வரை வந்தது. இதற்கு எங்கே போவது என்று தபால்காரர் கேட்டார்.

"எங்கயும் போக வேண்டாம்" என்றாள் பட்டன். "அதுவே வரும்."

அடுத்த மாதம் சுவரில் இடம் போதாமல் கதவிலும் படங்களை மாட்டினார்கள். இருபத்தொரு பேர், இருபத்தொரு காகம்.