ஊதா ஏறிய பவளம்

காலை 9.40. சிப்பிகாட் ஊர்க்காரி ராஜகுமாரியின் மானம் கம்ப்யூட்டர் திரையில் கப்பலேறிக்கொண்டிருந்தது. 'மோசடிக்காரி' என்று எழுதியிருந்தார் சென்னை வாடிக்கையாளர். படத்தில் கண்ணைப் பறிக்கும் ஊதா. பார்சலில் வந்ததோ வெளிர் ஊதா. மாலைக்குள் பதில் வராவிட்டால் வெப்சைட்டில் அவள் பக்கத்தையே மூடிவிடுவார்களாம்.

அந்தமானில் நிஜப் பவளத்தைத் தொட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான். ராஜகுமாரி விற்பது மீன்தொட்டிக்கென்று வெள்ளைச் சிமெண்டில் கையால் செய்த பவளம். ஆன்லைனில் அவள் விற்ற முதல் உருப்படியே இதுதான். பாவம், முதல் அடியே சறுக்கல்!

"ஃபோட்டோல கலர் மாத்துவீங்களாக்கா?" என்றாள் புகாரை விசாரிக்க வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் கார்த்திகா.

"மாத்துவேன் மேடம். தொட்டி லைட்டு கேமராவுல எல்லாத்தையும் நீலமாக்கிடும். பக்கத்துல வெள்ள டைல்ஸ் துண்டு வெச்சு எடுப்பேன். அது வெள்ளையா தெரியற வரைக்கும் திருத்துவேன். அவ்ளோதான், அதுக்கு மேல கை வெக்க மாட்டேன்!"

அவள் லேப்டாப் படத்தில் டைல்ஸ் பளிச்சென்று இருந்தது. வெப்சைட் படத்தில் பவளம் மட்டும்தான். தீவு நெட்டின் லட்சணத்துக்கு வீட்டிலிருந்து படம் ஏறாது. பென் டிரைவில் போட்டு ஃபீனிக்ஸ் பே பகுதி நெட் சென்டரில் கொடுத்திருந்தாள். இருவரும் அங்கே கிளம்பினார்கள்.

நெட் சென்டர் சிவபிரகாஷ் கையைப் பிசைந்தான். "சத்தியமா நான் படத்தத் திறக்கவே இல்ல மேடம். சாய் குடிச்சிட்டு வந்துதான் அப்லோட் போட்டேன். அதுவரைக்கும் ஜம்புலிங்கம் அண்ணன்தான் இங்க இருந்தாரு."

ஜம்புலிங்கம் பக்கத்து மீன்தொட்டிக் கடைக்காரர். ராஜகுமாரி ஆன்லைனுக்குப் போகும்வரை அவள் சரக்கை வாங்கி விற்றவர்.

"அந்தப் படத்தப் பாத்தீங்களா?" என்று அவரை வரவழைத்துக் கேட்டாள் கார்த்திகா.

"வெப்சைட்ல பாத்ததோட சரி. அரே, உடஞ்ச டைல்ஸப் பக்கத்துல வெச்சு எவனாவது ஃபோட்டோ எடுப்பானா?"

கார்த்திகா திரையை அவர் பக்கம் திருப்பினாள். "எங்க இருக்கு டைல்ஸ்?"

ஜம்புலிங்கம் திரையை உற்று உற்றுப் பார்த்தார். அதில் பவளம் மட்டும்தான்.

"கலர ஏத்தினதும் டைல்ஸும் ஊதாவாயிடுச்சு. விட்டா குட்டு உடைஞ்சிடும்னு வெட்டிட்டீங்க. அது இருந்ததே பென் டிரைவைத் திறந்தவருக்குத்தான் தெரியும்" என்றாள் கார்த்திகா.

"என்னை விட்டுட்டு நேரா மெயின்லேண்டுக்கு விப்பாளாமா?" என்று வெடித்தார் அவர்.

அசல் படம் ஏறியது. சென்னையிலிருந்து பதில் வந்தது: 'என்னிடம் இருப்பது அச்சு அசல் இதேதான். மன்னிக்கவும்.'

ஜம்புலிங்கம் அப்போதும் அடங்கவில்லை. "கலர் ஏத்தாம உன் சிமெண்ட எவன் வாங்குவான்?"

ராஜகுமாரி நிமிர்ந்து நின்றாள். அப்பாடா, அவள் முகத்தில் என்ன ஒரு கர்வம்!

"போன மாசம் கப்பல் துறை செக்கிங்ல இத நிஜப் பவளம்னு புடிச்சு வெச்சிட்டாங்கண்ணே. ஒண்ண உடைச்சு சிமெண்டக் காட்டினப்புறம்தான் என்னை விட்டாங்க. இதுக்கு மேல நான் எதுக்குக் கலர் ஏத்தணும்?"