குடியிருக்க அனுமதி

"மேடம்... இதை டைப் பண்ணினது நீங்கதானா?"

கோர்ட் டைப்பிஸ்ட் பிளாவியா நிமிர்ந்தாள். கோர்ட் வராந்தாவில், மழையில் தொப்பலாக நனைந்து ஒரு வெள்ளைக்காரன். சாம்பல் நிறக் கண்கள்... அவற்றில் அத்தனை கோபம்.

ஜார்ஜியா நாட்டு லெவான். கோவாவைச் சுற்றிப் பார்க்க வந்தவன். அடுத்த அறைக்காரனின் போதைப் பொட்டலம் இவன் தலையில் விழுந்து, இரண்டு வருடம் ஜெயில். அங்கே கற்ற கொங்கணியில்தான் இப்போது சண்டைக்கு நின்றான். நிரபராதி என்று தீர்ப்பு வந்துவிட்டது. நாட்டை விட்டுப் போக அனுமதி உத்தரவும் வந்துவிட்டது. ஆனால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதை நீட்டினால் சிரிக்கிறார்களாம்.

"என் டைப்பிங்ல தப்பே வராது" என்றாள் வெடுக்கென்று.

"படிச்சுப் பாருங்க."

படித்தாள். 'லீவ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'லிவ்'. ஊருக்குக் கிளம்பக் கேட்டவனுக்கு இங்கேயே குடியிருக்க அனுமதி! முகம் சிவந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

"நல்ல ஊருதானே... இருந்தா என்னவாம்?"

அவன் சிரிக்கவில்லை. திருத்திக் கையெழுத்துப் போட வேண்டிய நீதிபதியோ விடுமுறையில். தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்து முறைத்தான். ஒருநாள் பாவமாக இருந்தது. டப்பாவிலிருந்த மீன் குழம்பையும் ரொட்டியையும் பாதி நகர்த்தினாள். சாப்பிட்டபடியே அம்மாவைப் பற்றிச் சொன்னான். இதய அறுவை சிகிச்சையாம். மகன் முகத்தைப் பார்க்காமல் கத்தி வைக்க விடமாட்டேன் என்று அடம் பிடிக்கிறாளாம். சொல்லும்போதே குரல் உடைந்தது.

ஐயோ... என் விரல் செய்த வேலையா இது? பிளாவியா தன் பங்கு ரொட்டியையும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

நீதிபதி வந்ததும் முதல் ஆளாக உள்ளே போனாள். தப்பு என்னுடையதுதான் என்று தலைகுனிந்து ஒப்புக்கொண்டாள். திட்டு விழுந்தது, கையெழுத்தும் விழுந்தது. அவனைத் தன் ஸ்கூட்டரிலேயே ஏற்றிக்கொண்டாள். இருந்த ஒரே ரெயின்கோட்டை ஃபைலுக்குச் சுற்றினாள்.

"எனக்கு இல்லையா?"

"நீங்க நனைஞ்சா காய்ஞ்சிடுவீங்க... அது காயாது."

முதல்முறையாகச் சிரித்தான். அந்தக் கண்கள் இப்படியும் இருக்குமா!

வெளிநாட்டவர் அலுவலக வாசலில் மழையைப் பார்த்தபடி காத்திருந்தாள். எத்தனை நேரம்! மறுபடியும் ஏதாவது வில்லங்கமா? ஒருவழியாக வெளியே வந்தான்.

"கிடைச்சிடுச்சு."

அப்பாடா... நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கியது. அழுகையும் வந்தது. போகப் போகிறானே!

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"ஒரு கேள்வி கேட்டேன். ஆபீசர் மேலதிகாரிகிட்ட கேட்டுட்டு வந்துதான் சொன்னார்."

"என்ன கேள்வி?"

"இப்படிப் போறவன் திரும்பி வரலாமான்னு." அவன் குரல் தணிந்தது. "இங்கிருந்து தப்பிச்சாப் போதும்னு இருந்தவன் நான். இப்போ உங்களை விட்டுட்டுப் போக முடியல, பிளாவியா... வரலாம்னு சொல்லிட்டாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு நல்லபடியா ஆபரேஷன் முடியட்டும்" என்றாள். "தேறினதும்... அவங்களையும் கூட்டிட்டு எங்க வீட்டுக்கு வாங்க."