கேட்காமல் செதுக்கிய முகம்

சிற்பி ராவிரி அந்த மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாலைத் தூறல் விட்டிருந்தது. நாளைக் காலை திறக்கப்போகும் போர் நினைவுக்கல் வெள்ளைத் துணிக்குள் நின்றது. வடிவமைத்தவன் அவன்தான். ஒரு பாதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குச் சிலுவை. மறுபாதியில் அந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரி ஒருவரின் பச்சை குத்திய முகம். நகரசபைக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

அந்த முகம் யாருடையது என்பதுதான் வம்பு. இதே மேட்டில் அந்தச் சிப்பாய்களின் குண்டுக்குச் செத்த அவனுடைய முப்பாட்டனுடையது. குலக்கூடத்துச் சுவரில் தொங்கும் படத்தை, ஒரு துக்கத்துக்குப் போன இடத்தில் கைபேசியில் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். முகத்துப் பச்சை குலத்தின் சொத்து. எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்காமல் தொடக்கூடாது. கேட்டால் மறுத்துவிடுவார்களோ என்று அவன் கேட்கவேயில்லை.

பெரியப்பா மகள் மெரேயானா துணியை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"சுட்டவனையும் செத்தவரையும் ஒரே கல்லுல குடிவச்சிட்டியேடா! நம்ம ஆளுங்கள கேட்டியா?"

"எல்லாம் கேட்டாச்சுக்கா."

"அப்ப சரி. உன்ன நம்பித்தான் நாளைக்கு எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்."

அவள் இறங்கிப் போனாள். பொய் சொன்ன வாய் அவனுக்கே கசந்தது.

துணிக்குள் ஏதோ உராய்ந்தது.

கல்லோடு கல் அரைபடும் சத்தம்.

புதிதாகத் தோண்டிய குழியின் வாசனை எழுந்தது. துணியைத் தூக்கினான். முகம் இருந்தது. குல வழக்கப்படி தன் மூக்கை அதன் மூக்கில் வைத்தான்.

"மன்னிச்சிடுங்க தாத்தா," என்று கிசுகிசுத்தான். "நாளைக்கு மட்டும் என் மானத்த காப்பாத்துங்க."

கல் மூக்கு விலகியது.

விழுந்தடித்துக்கொண்டு காருக்கு ஓடினான்.

காலையில் பெண்கள் வரவேற்புக்குரல் எழுப்ப, மேயர் துணியை இழுத்தார். சிலுவை அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு பின்னந்தலை. முடிந்த கொண்டை, விறைத்த பிடரி.

தாத்தா முதுகைக் காட்டி நின்றார்.

"கேட்டேன்னு சொன்னியே," என்றாள் மெரேயானா மெதுவாக.

"கேக்கலக்கா."

வெட்கத்தில் அங்கேயே செத்துவிடலாம்போல் இருந்தது. உறவுகள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். அவன் மூக்கோடு மூக்கு வைத்து யாரும் விடைபெறவில்லை.

தனியே கல்லைச் சுற்றிப் பின்பக்கம் போனான். வழவழப்பான வெறும் கல். சுள்ளென்ற வெயிலிலும், ஆள் உயரத்தில், உள்ளிருந்து மூச்சுப் பட்ட கண்ணாடிபோல் ஒரு வட்டம் பனித்திருந்தது. சட்டைக் கையால் துடைத்தான்.

மறுபடி பனித்தது.