ஈயச் சொம்பும் பெரிய பர்னரும்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தூறல் விழுகிறது, ஜன்னலைச் சாத்திவிடுங்கள். மல்லேசுவரத்துக்குக் காஸ் அடுப்பு புதிதாக வந்த காலத்தில் ரமாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

காலையில் ரமா ஸ்டவ்வைத் துடைக்கப் போனபோது சின்ன பர்னர் சூடாக இருந்தது. வீட்டில் அவளும் கணவர் தேசிகனும் மட்டும்தான். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. சிலிண்டர் மூடியபடியே இருந்தது. ஆனால் பர்னருக்கு மேலே, கொத்தமல்லியும் பெருங்காயமும் கொதித்து அடங்கினாற்போல ஒரு வாசனை நின்றது. அவள் சமையலில் ஒரு நாளும் வராத வாசனை.

தேசிகனின் முதல் மனைவி அலர்மேல்மங்கை. அவள் இறந்த மறு வருஷம் ரமா இந்த வீட்டுக்கு வந்தாள். மங்கையின் புடவைகள் போயின; படம் உள்ளறைக்குப் போயிற்று; ரசம் வைக்கும் ஈயச் சொம்பு மட்டும் போகவில்லை. அந்த வீட்டில் ரசத்துக்குச் சாத்தமுது என்று பெயர். ரமா வைத்ததை ஒரு வாய் குடித்துவிட்டு, மங்கை கை வேறு என்பார் தேசிகன். கோபமாகச் சொல்லமாட்டார், அதுதான் அவளுக்கு எரியும். காஸ் அடுப்புக்கு அவள் அடம்பிடித்ததே அதனால்தான். விறகும் கரியும் மங்கையுடையவை. இந்த நீலச் சுடரையாவது அவள் தொட்டதில்லையே.

அடுப்பைப் பொருத்திய மதலைமுத்து, தட்டையான அடியுள்ள பாத்திரமாக வைக்கச் சொல்லியிருந்தான். தீ அடியைத் தாண்டி ஓரத்தில் ஏறக் கூடாதாம். ஈயத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் புளித்தண்ணீர், பிறகுதான் நெருப்பு. வெறும் சொம்பை வைத்தால் உருகி ஓடிவிடும்.

சாயங்கால மழை இருட்டில் தேசிகன் ஆபீஸிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தார். இனி எவர்சில்வரில் வைக்கட்டுமா என்று ரமா கேட்டாள்.

“பாத்திரத்தை மாத்தினா கையும் மாறிடுமா, ரமா?” என்று சிரித்தார்.

அவள் உள்ளே போனாள். வெறும் சொம்பைப் பெரிய பர்னரில் வைத்து முழுக்கத் திறந்துவிட்டாள். கைமறதி என்று சொல்லிக்கொள்ளலாம். சுடர் உஸ்ஸென்று சீறி, அடியைத் தாண்டி, சொம்பின் இடுப்பைச் சுற்றி ஏறியது. இடுக்கியைப் பிடித்தபடி, ஓட்டில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டு, அது குழைந்து சரியும் நிமிஷத்துக்காகக் காத்திருந்தாள்.

வாசனை வந்தது. காய்ந்த உலோகத்தின் வாசனை அல்ல. புளி. மிளகு. கொத்தமல்லி.

சொம்பு வளையவில்லை. எட்டிப் பார்த்தாள். விளிம்புவரை சாத்தமுது. நுரை கட்டியிருந்தது.

வியர்க்கிறது என்று நெற்றியைத் துடைத்தாள். கையோடு ஏதோ வழிந்து வந்தது. வலிக்கவில்லை. விரல் நுனிகள் நீண்டன. வெள்ளியாய் மினுங்கின. சொட்டின. இடுக்கி விழுந்தது. கத்த வாயைத் திறந்தாள். உதடு இல்லை.

அவள் தோளைத் தாண்டி ஒரு மஞ்சள் பூசிய கை நீண்டு, தீயைத் தணித்தது.

“நன்னா மணக்கறதே, மங்கா. கொண்டா” என்றார் தேசிகன் கூடத்திலிருந்து.

வளையல் சத்தம் சொம்போடு கூடத்துக்கு நடந்தது. சமையலறைத் தரையில் ஈயம் குளமாகத் தேங்கியிருந்தது. அதன் நடுவே ரமாவின் மூக்குத்தி பதிந்திருந்தது. பக்கத்தில் ஒரு கண், இன்னும் மூடாமல், கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீங்கள் நன்றாக இருக்கணும், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் கையால் சோறு விழுந்தாலும், அந்தக் கை குளிரும்படி ஒரு நல்ல வார்த்தை எல்லார் வாயிலும் வரட்டும்.