ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு புது வசதி

"நில்லுங்க... அப்படியே நில்லுங்க. காலைத் தூக்கினீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அவன் நின்றான். இரண்டு ஷூவும் ஈரக் கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்தன. கையில் போன். முகத்தில், பரீட்சை ஹாலில் பிட்டோடு மாட்டிக்கொண்டவனின் முழி.

காலையிலிருந்து ஆட்கள் நிமிராமல் போட்ட தளம் அது. வழவழவென்று தேய்த்துவிட்டு, இப்போதுதான் டீ குடிக்க ஒதுங்கியிருந்தார்கள். அதற்குள் எங்கிருந்தோ வந்து, வாசல் வழியாக ராஜநடை போட்டு உள்ளே வந்துவிட்டான் இந்த மகானுபாவன்.

யார் நீங்கள், கண் தெரியாதா என்று, சைட்டை நின்று பார்த்துக்கொள்ளும் அவள் கேட்டாள். தெரியும் என்பதுபோல அந்தக் கண்கள் அவளை ஏறிட்டன. அடர்ந்த இமைகள்... கொஞ்சம் தூக்கம் கெட்ட, ஆனால் பொய் சொல்லத் தெரியாத கண்கள். சே, தளம் பாழாய்க் கிடக்கிறது, இவன் கண்ணைப் போய் அளந்துகொண்டு... அவள் தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். "இதுல தளம் முடிஞ்சதுன்னு இருக்குங்க மேடம்."

"முடிஞ்சதுதான். காயல."

"முடிஞ்சதுக்கும் காஞ்சதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல," என்றான் அவன், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டே பலகை போட்டு அவனை வெளியே இழுத்தார். ஷூக்கள் உள்ளேயே தங்கிவிட்டன. வெறுங்காலோடு நின்றபடி அவன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். கட்டட வேலைகளை மேற்பார்க்க அவளுடைய அப்பா புதிதாக வாங்கியிருந்த மொபைல் ஆப்பை எழுதுகிறவர்களில் அவனும் ஒருவன். கட்டடத்தையே பார்க்காமல் கட்டடக்காரர்களுக்கு எழுதினால் எப்படி என்று மேலதிகாரி சொல்லி, சைட்டைப் பார்க்க வந்தவன். அப்பாவின் ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் மதியமே ஆப்பில் 'முடிந்தது' என்று தட்டிவிட்டிருந்தார். அவன் தான் எழுதியதையே நம்பி உள்ளே நடந்துவிட்டான்.

அவள் விடவில்லை. உங்கள் ஆப்புக்கு ஈரம் தெரியுமா, கான்கிரீட் என்றால் என்னவென்று தெரியுமா, நாளைக்கு டைல்ஸ்காரரையும் இதே மாதிரி அனுப்பி வைப்பீர்களா என்று பிடிபிடியென்று பிடித்தாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டுக்கொண்டான். திட்டி முடித்தபோது அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. சரி செய்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, சிமெண்டு காலோடு போய்விட்டான். அன்றிலிருந்து சைட்டில் அவனுக்குப் பெயர் 'கால்தடம்'.

அடுத்த சனிக்கிழமை கால்தடம் மறுபடியும் வந்தான். வாசலுக்கு வெளியிலேயே நின்று, உள்ளே வரலாமா என்று அனுமதி கேட்டான். ஆட்கள் சிரித்தார்கள். அவன் போனை நீட்டினான். இப்போது கான்கிரீட் போட்டதும் அந்த அறை வரைபடத்தில் சிவப்பாகிவிடுகிறது. இறுகும்வரை அங்கே யாருக்கும் வேலை ஒதுக்க முடியாது. தப்பித் தவறி ஒதுக்கினால், போகிறவரின் போன் கத்தி ஊரைக் கூட்டிவிடும்.

அவள் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது... பாராட்ட வாய் வரவில்லை. இதைத் தட்டுவதற்குக் கை வேண்டாமா, இவர்கள் கையெல்லாம் சிமெண்டு என்று அடுத்த குறையைச் சொன்னாள்.

அதற்கடுத்த வாரம், வாயால் சொன்னாலே ஆப் எழுதிக்கொண்டது. மேஸ்திரி போனைத் தொடாமலே அதனோடு அரட்டை அடிக்க ஆரம்பித்தார். மழை வந்தால் வெளிப்பூச்சுக்கு வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவள் முணுமுணுத்தாள். சில வாரங்களில், வானம் கறுப்பதற்கு முன்பே ஆப் வெளிவேலையைத் தள்ளிவைத்து, உள்வேலையை முன்னால் இழுத்து, பெயிண்டருக்குத் தகவலும் அனுப்பியது. வீட்டுக்கார அம்மா கதவை இங்கே வை என்று வாயால் சொல்லிவிட்டு, அப்புறம் நான் எப்போது சொன்னேன் என்கிறார் என்று புலம்பினாள். அந்த அம்மாவே வரைபடத்தைப் பார்த்துப் போனில் சம்மதம் தட்டினால்தான் கதவு நகரும் என்று ஆனது.

அவள் வாயை அடைத்தது சுவர் விஷயம்தான். ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "பூசின பிறகு சுவர் ஊமைங்க. உள்ளே பைப் எங்கே போகுதுன்னு அப்பா ஒருத்தருக்குத்தான் தெரியும். அவருக்கு உடம்பு சரியில்லன்னா இந்த வீட்டுக்கே ஒண்ணும் தெரியாது," என்று சொல்லியிருந்தாள். இப்போது பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்தால், வரைபடத்தில் அந்தச் சுவரைத் தொட்டவுடன் பைப்பும் வயரும் தெரிந்தன. அவள் ஒரு சுவரைத் தொட்டாள். பக்கத்துச் சுவரைத் தொட்டாள். ஒரு குழந்தை போல வீடு முழுக்கத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள் முதல்முறையாக.

அவன் முகம் சிவந்ததைக் கண்டு மேஸ்திரி இருமினார்.

எத்தனை வருஷமாக இதே விஷயங்களை அவள் சொல்லியிருக்கிறாள். சிவில் படித்தவள், வெயில் மழை பாராமல் நிற்கிறவள். ஆனாலும் வெளியே அவள் 'கான்ட்ராக்டர் பொண்ணு'தான். அவள் சொல்வது எதுவும் அப்பாவின் கணக்கில்தான் சேரும். அவள் சொன்னதை அவள் சொன்னதாகவே காதில் வாங்கியவன் இவன் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை மாலையே மனம் பரபரக்கத் தொடங்கியதற்கு அதுதான் காரணம் என்று அவள் தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள். அந்தக் கண்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை... இல்லவே இல்லை.

பிறகுதான் அந்த விழா வந்தது.

ஆப்பின் புது வசதிகளை அறிமுகப்படுத்த கம்பெனி ஒரு பெரிய மண்டபம் எடுத்திருந்தது. மண்டபம் நிறைய கான்ட்ராக்டர்கள். அப்பாவும் அவளும் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் அவன். ஈரத்தளம், வாய்மொழி, மழை, சம்மதம் என்று ஒவ்வொன்றாகத் திரையில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். இதோ சொல்லப் போகிறான், இது ஒரு சைட் சூப்பர்வைசர் சொன்னது என்று இதோ சொல்லப் போகிறான்...

கடைசியாகத் திரையில் பெரிய எழுத்தில் வந்தது: 'இனி எந்தச் சுவரும் ஊமை இல்லை.'

அவளுடைய வார்த்தை. மண்டபம் அதிர்ந்தது. அவன் தலைகுனிந்து நன்றி சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினான். அவ்வளவுதான்.

பக்கத்தில் அப்பா எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். "என்ன மூளைம்மா அந்தப் பையனுக்கு," என்றார், பூரித்துப் போய்.

அவள் சிரித்து வைத்தாள். சனிக்கிழமை தவறாமல் வந்தது இதற்குத்தானா? வாயைக் கிளறி, திட்டு வாங்கி, அதை மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கடை விரிக்கத்தானா? நல்ல வேலைக்காரன்தான்... நான்தான் வேறென்னவோ நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவன் வந்தபோது, தான் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றாள். மேஸ்திரிக்குப் பொய் வராது. தூணையே பார்த்துக்கொண்டு, மேடம் இல்லை என்றார். அவன் சற்று நேரம் நின்றுவிட்டு, போனான்.

திங்கட்கிழமை கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். இனிமேல் சைட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம், அவ்வளவுதான் சொல்ல வேண்டும். மறுமுனையில் ஒரு பெண் குழம்பினாள். "நாங்க வழக்கமா சைட்டுக்கு யாரையும் அனுப்பறதில்லையே மேடம். உங்க சைட்டுக்கு ஒரே ஒரு தடவைதான் ஒருத்தரை அனுப்பியிருக்கோம். அப்புறம் எல்லாமே போன்லதான். அதுவும் சனிக்கிழமை எங்களுக்கு லீவு."

போனை வைத்த பிறகும் அவள் கை காதருகிலேயே இருந்தது.

லீவு நாள். யாரும் அனுப்பவில்லை. அப்படியானால்... மனம் துள்ளியது. உடனே மற்றொரு குரல் அதைப் பிடித்து உட்கார வைத்தது. யாருக்காக வந்தால் என்ன, மேடையில் ஏன் வாயைத் திறக்கவில்லை? அதற்குப் பதில் தெரியாமல் அவளால் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. வானத்துக்கும் மண்ணுக்கும் நடுவே யாரோ நூல் கட்டிவிட்டது போல ஓயாமல் இறங்கியது. வெளிவேலையை ஆப் முதல்நாளே தள்ளிவைத்திருந்ததால் ஆட்கள் எல்லோரும் உள்ளே பூச்சு வேலையில் இருந்தார்கள். அப்பாவும் வந்திருந்தார். ஒரு சொட்டு வேலை கெடவில்லை பார் என்று போனைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் அவன் வந்து நின்றான். தொப்பலாக நனைந்திருந்தான். இமை நுனியிலிருந்து மழை சொட்டியது. அவளை ஒரு தரம் பார்த்தான். பிறகு நேராக அப்பாவிடம் போனான்.

"சார், அன்னிக்கு நீங்க எனக்குக் கை தட்டினீங்க. அது எனக்குச் சேர வேண்டியதில்ல. அந்த வசதி ஒவ்வொண்ணும் உங்க பொண்ணு சொன்னது. நான் டைப் அடிச்சேன், அவ்வளவுதான். மேடையிலயே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என் பேர்லதான்."

பூசுகிறவர்களின் கரணைச் சத்தம் நின்றுவிட்டது. அப்பா போனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஏதோ நினைவுக்கு வந்ததுபோல அவர் முகம் மெல்ல மாறியது.

"இதையெல்லாம் நீ எங்கிட்டயும் சொல்லியிருக்கேல்லம்மா?"

"சொல்லியிருக்கேன்ப்பா."

"ம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்னைப் பக்கத்துலயே உட்கார வச்சுக்கிட்டு மேடையைப் பார்த்துத் தட்டியிருக்கேன்." மகள் தலையில் ஒரு நிமிடம் கை வைத்தார். பின்பக்கம் மணல் நனைகிறதா பார்க்க வேண்டும் என்றார். மணல் மூடித்தான் கிடந்தது. ஆனாலும் மேஸ்திரி உட்பட எல்லோரும் அவரோடு மணல் பார்க்கப் போய்விட்டார்கள்.

அவள் அவன் அருகே வந்தாள்.

"ஏன் சொல்லல?" என்று அவள் கேட்டாள். குரலில் கோபம் இருக்கும் என்று நினைத்தாள்... அழுகைதான் இருந்தது.

"சொல்லணும்னு எழுதி வச்சிருந்தேன். அந்த இடம் வந்ததும் நீங்க நடு வரிசையில தெரிஞ்சீங்க. உங்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எங்கே நிறுத்துவேன்னு எனக்கே பயமாயிடுச்சு. உங்க வேலையைச் சொல்ல வந்தவன் அத்தனை பேர் முன்னால என் மனசையும் சொல்லிடுவேன்... அந்தப் பயத்துல உங்களுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து முழுங்கிட்டேன். அது கோழைத்தனம். ஆபீஸ்லயும் சொல்லிட்டேன். அடுத்த கூட்டத்துல மேடை உங்களோடதுன்னு சொல்லியிருக்காங்க. ஏறுறதும் ஏறாததும் உங்க இஷ்டம்."

அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத கண்கள்தான்.

"ஏறுவேன்," என்றாள்.

"வேலை சம்பந்தமா கேக்கறதுக்கு எங்கிட்ட இனிமே எதுவும் இல்ல," என்றான் அவன். "இங்கே வர்றதுக்கு ஒரே காரணம்தான் பாக்கி. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப... வரலாமா, வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

 அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு குறை."

அவன் பழக்கதோஷத்தில் தலையைச் சாய்த்துக் கேட்கத் தயாரானான்.

"சனிக்கிழமை மட்டும் வந்தா எனக்குப் பத்தாது."