ஒரே மடக்கு

யார்மிலா போட்ட அலறலில், ப்ராக் நகரத்து ஜிஷ்கோவ் பகுதியே ஒரு நொடி குடிப்பதை நிறுத்தியது.

சனிக்கிழமை. காலை பத்து மணி பத்து நிமிடம்.

'செவிட்டுப் பூனை' பப்பின் நிலவறைப் படிகளுக்குக் கீழே ஸிக்முண்ட் கிடந்தார். மல்லாந்து... பின்மண்டையில் ரத்தத்தோடு...

எழுபது வயது. கடைக்காரர். அவர் கடையில் முப்பது வருடமாக பீர் ஊற்றுகிறவள் யார்மிலா. ஒன்பது மணிக்கு ரொட்டி வாங்கப் போனவள், ரொட்டிக்கடை வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தபோது கண்ட காட்சி இது.

நாடியைப் பிடித்தாள். நூல் மாதிரி ஓடியது.

ஆம்புலன்ஸ் வந்தது. போனது. பின்னாலேயே இன்ஸ்பெக்டர் கலோஸ் வந்தார். கனத்த உடம்பு, தொங்கு மீசை. படிகளைப் பார்த்தார். பிறகு நிலவறைக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தார்.

போன வருடம் இந்தக் கட்டடத்தை வாங்கிய கம்பெனி ஒட்டியது அது. படிகளில் யாராவது விழுந்து அடிபட்டால் அன்றைக்கே கடை மூடப்படும். மூடினால் குத்தகை ரத்து.

அப்புறம்? கடை தங்கும் விடுதியாகும். பூனை படுத்திருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் படுப்பார்கள். தெரு முழுக்க அதுதான் நடந்துகொண்டிருந்தது. பதினோரு பப் இருந்த தெருவில் மிச்சம் மூன்று!

"வயசான மனுஷன். கால் வழுக்கிட்டார். விபத்துதாம்மா" என்றார் கலோஸ். "மூடித்தான் ஆகணும். சாவியைக் குடு."

"மாட்டேன்."

"எங்க வச்சிருக்கே?"

யார்மிலா கவுன்டர் மேலிருந்த பெரிய கண்ணாடி ஜாடியைக் காட்டினாள். வினிகரிலும் வெங்காயத்திலும் ஊறிக்கொண்டிருந்தன கொழுத்த ஸாசேஜ்கள்.

"அடியில கிடக்கு. கையை விட்டு எடுத்துக்கங்க. ஒரு வாரம் பொண்டாட்டி பக்கத்துல சேக்க மாட்டா."

கலோஸ் ஜாடியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

விபத்து என்றால் கடை போச்சு. யாரோ செய்தது என்றால் கடை பிழைத்தது. யார்மிலாவுக்கு அது நன்றாகவே தெரியும். அதனால்தான் அழுகையைத் தள்ளிப் போட்டிருந்தாள்.

"சார், கவுன்டரைப் பாருங்க. ரெண்டு கிளாஸ். பாதி குடிச்சது அவரோடது. இன்னொண்ணு?"

இன்னொன்று விளிம்பு வரை நிறைந்திருந்தது. நுரை செத்திருந்தது.

"யாரோ வந்திருக்காங்க. இவர் ஊத்திக் குடுத்திருக்கார். வந்த ஆள் தொடவே இல்ல."

"யாரு?"

"ஹவ்ரானெக்! கம்பெனி ஏஜெண்ட். ஆறு மாசமா மிரட்டிட்டு இருக்கான். ஒரு மணி நேரம் குடுங்க, ஆளைக் காட்டறேன். முடியலைன்னா ஜாடியில நானே கையை விடறேன்."

கலோஸ் மணி பார்த்தார். பதினொன்றாகப் பத்து நிமிடம்.

"நட" என்றார்.

ஹவ்ரானெக்கைத் தேட வேண்டியதே இல்லை. சனிக்கிழமை தோறும் அதே தெருவின் 'மூணு ஆணி' பப்பில் ஜன்னலோரம் லேப்டாப்போடு உட்கார்ந்து, தெருவில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்ப்பது அவன் வேலை. இன்றைக்கும் இருந்தான். எதிரே காலி கிளாஸ்.

எட்டரையிலிருந்து இதே நாற்காலிதான், இதே கிளாஸ்தான் என்றான். கடைக்காரி க்வெட்டாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவளே வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினாள். எழுந்து பாத்ரூம் கூடப் போகவில்லையாம். பீர் ரொம்பச் சில்லென்று இருக்கிறது என்று மூன்று தடவை புகார் வேறு சொன்னானாம்.

யார்மிலா அவன் கிளாஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என்ன பாக்கறே?" என்றார் கலோஸ்.

"சுத்தமான கிளாஸ்னா பொய் சொல்லாது சார். ஒவ்வொரு வாய்க்கும் நுரை ஒரு வளையம் போடும். எத்தனை வளையமோ, அத்தனை வாய்."

எண்ணினாள். மேலே இருந்தவை பழைய கோந்து மாதிரி காய்ந்திருந்தன. கீழே இருந்தவை மட்டும் ஈரம்.

ஒன்பது.

மெதுவாக... ரொம்ப மெதுவாகக் குடித்த ஒன்பது வாய்!

"இவன் இல்ல" என்றாள். அதைச் சொல்வதற்குள் பல்லைப் பிடுங்கின மாதிரி ஆகிவிட்டது.

"மன்னிப்பு கேக்கலாமே மேடம்?" என்றான் ஹவ்ரானெக்.

"பீரைக் கோழி மாதிரி கொத்தறவனுக்கு மன்னிப்பு ஒரு கேடா?"

வெளியே வந்ததும் கலோஸ் மீசையைத் தடவினார். "ஜாடி காத்துட்டு இருக்கு."

"இன்னும் நேரம் இருக்கு. ஸ்டிபோர் கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். அவரும் ஸிக்முண்டும் பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒண்ணா வளந்தவங்க."

தெருக்கோடியில் இருந்த 'ஈரக் குடை' பப் ஸ்டிபோருடையது. கட்டடமும் அவருக்கே சொந்தம். சனிக்கிழமை மதியம் எல்லாருமாகச் சேர்ந்து மூன்று பப்புக்கும் போய் ஆளுக்கொரு கிளாஸ் குடிப்பது என்ற ஏற்பாடே அவர் ஆரம்பித்ததுதான். ஆள் வராமல் எந்தக் கடையும் சாகக் கூடாதாம். 'விற்க மாட்டோம்' என்ற மனுவில் முதல் கையெழுத்தும் அவருடையதே.

விஷயத்தைக் கேட்டதும் ஸ்டிபோர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒன்பது மணியிலிருந்து தனியாக இங்கேயே உட்கார்ந்திருந்ததாகவும், டாக்டர் அனுமதித்த ஒரே ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டியதாகவும், கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பேன் என்றும் புலம்பினார். கடையை விடக் கூடாது, கடைசி வரை நிற்போம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

யார்மிலாவின் கண் நிறைந்தது. முப்பது வருடப் பழக்கம்... காலி கிளாஸை எடுத்துவைக்கக் கை தானாகப் போனது.

பாதியில் நின்றது.

கிளாஸின் மேல் விளிம்பில் ஒரு வளையம். அதற்குக் கீழே... அடி வரைக்கும் வழுக்கை!

நுரை இன்னும் ஈரமாக இருந்தது.

"ஸ்டிபோர்... ரெண்டு மணி நேரமா இந்த ஒரு கிளாஸைத்தான் குடிச்சீங்களா?"

"ஆமாம்மா. சொட்டுச் சொட்டா."

"சொட்டுச் சொட்டா ஒரே மடக்கு."

ஸ்டிபோர் அவளைப் பார்த்தார். அழுகை நின்றிருந்தது.

"எனக்கு அப்பவே புத்தி வந்திருக்கணும். ஹவ்ரானெக் வந்திருந்தா ஸிக்முண்ட் தண்ணி கூடக் குடுத்திருக்க மாட்டார். கேக்காமலே ஊத்தி வைக்கறது உங்களுக்குத்தான். அதை நீங்க தொடல. இங்க வந்து, தொண்டை வத்தி, ஒரே மூச்சுல இதை இறக்கியிருக்கீங்க."

"நுரையைப் பாத்து ஜெயில்ல போடுவியா?" ஸ்டிபோர் சிரித்தார். சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை.

அப்போது கலோஸின் செல்போன் அடித்தது.

எடுத்தார். "ம்... ம்... சரி" என்றார். வைத்தார். ஸ்டிபோருக்கு நேரே போய் நின்றார்.

"ஸிக்முண்ட் கண் முழிச்சிட்டார். ஒரு பேரைச் சொல்றாராம்."

ஸ்டிபோர் நாற்காலியில் சரிந்தார்.

அப்புறம் கேட்காமலே கொட்டினார். மூன்று மாதத்துக்கு முன்னாலேயே 'ஈரக் குடை'யைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஊருக்கு மனு, ரகசியமாகக் கையெழுத்து! அது ஸிக்முண்டுக்கு நேற்றுத் தெரிந்துவிட்டது.

"இன்னைக்கு ரவுண்டுக்கு எல்லாரும் கூடறப்போ நீயே சொல்லிடு, இல்லைன்னா நான் சொல்லுவேன்னான். பீப்பாய் மாத்தறேன்னு படிக்குப் போனான். பின்னாலயே போய்க் கெஞ்சினேன். திரும்பி நின்னு, துரோகின்னு ஒரே வார்த்தை... நெஞ்சுல கையை வச்சுத் தள்ளிட்டேன்."

விலங்கு விழுந்தது. ஜீப் போனது. 'செவிட்டுப் பூனை'க்குத் திரும்பியதும் கலோஸ் நோட்டீஸை நிலவறைக் கதவிலிருந்து உரித்து, சாட்சியப் பொருள் என்று எழுதி மடித்து வைத்துக்கொண்டார்.

"நிஜமாவே கண் முழிச்சிட்டாரா சார்?" என்றாள் யார்மிலா.

"போன்ல பேசினது என் பொண்டாட்டி. வர்றப்போ உருளைக்கிழங்கு வாங்கிட்டு வரணுமாம்."

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே பீர்க் குழாயடியில் போய் நின்றாள். கதவை அகலத் திறந்து வைத்தாள். சனிக்கிழமை ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். க்வெட்டா தன் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். வந்தவர்களில் ஒருவரும் போகவில்லை.

மாலை நாலு மணி. கவுன்டரில் இருந்த போன் அடித்தது.

ஆஸ்பத்திரி. இந்தத் தடவை நிஜமாகவே.

யார்மிலா காதில் வைத்தாள். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல்.

"குழாய் ஓடுதா?"

அவள் குழாயைத் திறந்து, போனை அதன் பக்கத்தில் பிடித்தாள். கடை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மறுபடி காதில் வைத்தாள்.

"கேக்குது" என்றார் ஸிக்முண்ட். "நான் ஒருநாள் இல்லைன்னா நுரையை ஜாஸ்தி வைக்கறே. சத்தத்துலயே தெரியுது."