பித்தளைத் தகட்டின் ஏழாவது வரி

1984. பங்குனி உத்திரத்துக்கு முந்திய நாள், காலை 9.20.

மலேசியாவின் தெலுக் இந்தான் படகுத்துறையில், சாமி ஊர்வலத்துக்காக வெள்ளையடிக்கப்பட்டு நின்ற பழைய ஃபைபர் படகு, ராமையா சாவியைத் திருகியதும் வெடித்தது. சாமி இன்னும் ஏறவில்லை. கோயில் தலைவர் பழனியப்பனும் ஏறவில்லை. அவருக்கான மாலை வந்து சேரத் தாமதம். ஏறியிருந்தவர் படகோட்டி ராமையா மட்டும்தான்.

9.45க்குள் தலைவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். போன வாரம் அந்தப் படகின் ஒழுகிய பெட்ரோல் ஹோஸ்களை மாற்றியவர் மெக்கானிக் ஐயாவு. ராமையாவின் மனைவி மாரியம்மாவுக்கு உடன்பிறந்த அண்ணன்.

"ஹோஸ் ஒழுகியிருக்கு. வேற என்னா?" என்றார் தலைவர், ஒலிபெருக்கியில்.

அன்றிலிருந்து மாரியம்மா அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. "எம் புருசனக் கொன்னவன் காலு என் வாசல மிதிக்கக்கூடாது" என்று பிணத்தின் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டாள். மச்சானின் பாடைக்குத் தோள் கொடுக்கக்கூட ஐயாவுக்கு வாய்க்கவில்லை.

பதினான்காம் நாள், மாலை 3.10.

சேற்றிலிருந்து இழுத்துப் போட்ட பின்பாதிப் படகுக்குள் போலீஸ் சார்ஜன் மதார் சாகிப் தலையை விட்டிருந்தார். பக்கத்தில் ஐயாவு.

"எத்தன ஹோஸ் மாத்துன?"

"மூணு சார். பெட்ரோல் ஊத்த ஒண்ணு, இன்ஜினுக்கு ஒண்ணு, டேங்கிக் காத்து வெளிய போவ ஒண்ணு."

"கிளிப்பு?"

"ஒவ்வொரு முனைக்கும் ரெட்டக் கிளிப்பு. ரெண்டு நாளு ஓட்டிப் பாத்தேன். சொட்டு இல்ல, வாடைகூட இல்ல."

"டேங்கிய நெறச்சா ஓட்டிப் பாத்த?"

"இல்ல சார், பாதிதான்."

சார்ஜன் விரலால் எண்ணினார். பத்துக் கிளிப்புகள் கருகியும் பிடியை விடாமல் இருந்தன. காற்றுக் குழாயின் வெளிமுனையில் மட்டும் கிளிப்பு இல்லை. ஆனால் அந்த முனை கிழியவும் இல்லை; யாரோ கழற்றி விட்டது போலிருந்தது.

"பன்னெண்டுல ரெண்டக் காணோமே?"

"நான் போட்டேன் சார். எந்தங்கச்சி மேல சத்தியமா போட்டேன்." ஐயாவு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

படகின் வெளிப்பக்கத்தில் பளபளத்தது ஒரு பித்தளைத் தகடு. மனிதர் கருகிய தீயில் அதன் மெருகு கெடவில்லை. 'பேருபகாரி, ஆன்மிகச் செம்மல், சமூக ஜோதி' என்று தொடங்கி ஏழு வரி. எல்லாம் பழனியப்பனே. சார்ஜன் திருகாணிகளைக் கழற்றித் தகட்டை விலக்கினார். பின்னால் வட்டமாக ஒரு துளை.

4.00. படகுத்துறைத் தேநீர்க் கடை.

"அன்னிக்குப் பெட்ரோல் வாடை வந்துச்சாம்மா?"

"சாம்பிராணியப் பொகையப் போட்டுக் கொன்னுட்டாங்க, வேற எந்த வாடை தெரியும்?" என்றாள் கடைக்கார முத்தம்மா. "ராமையாண்ணே முக்கா டேங்கியில பெட்ரோல் டின்ன நிறுத்துனாரு. தலைவருதான், சாமி காரியத்துக்குக் கொற டேங்கியோட போவக்கூடாது, வழிய வழிய ஊத்துன்னாரு."

5.15. போர்டு எழுதும் பத்துமலையின் பட்டறை.

"தகட்ட மாட்டுனது நீதானே?"

"ஆமாங்க. மொதல்ல ஆறு வரிதான். மாட்டப் போற அன்னிக்குக் காலைல தலைவரு, இன்னொரு பட்டம் கெடச்சிருச்சுன்னாரு."

"என்னா பட்டம்?"

"கோழி வளர்ப்போர் சங்கக் கௌரவ ஆலோசகரு."

"சரி. அப்புறம்?"

"புதுத் தகடு நாலு வெரல் கூடிருச்சு சார். டேங்கிக் காத்து போற சின்னப் பித்தள மூக்கு அந்த எடத்துல துருத்திக்கிட்டு நின்னுச்சு. ஐயாவுண்ணனக் கேட்டுக்குவோம்னேன். எம் பேர மாட்ட மெக்கானிக்கப் பெர்மிஷன் கேக்கணுமாடான்னாரு. கிளிப்ப அவுத்து, மூக்கக் கழட்டிட்டு, ஹோஸ உள்ளயே தொங்க விட்டுட்டேன்." பத்துமலை தூரிகையைக் கீழே வைத்தார். "காத்துதானேன்னு நெனச்சேன் சார்."

பதினாறாம் நாள், காலை 10.30. மாரியம்மாவின் வீடு.

மெத்தை வைத்த ஒரே நாற்காலியில் தலைவர். ஆத்மா சாந்தியைப் பற்றி இருபது நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்குத்தான் சாந்தி இல்லை. சார்ஜன் உள்ளே வந்தார்.

"ஒரு நிமிசங்க. ஐயாவு போட்ட ஹோஸ் மூணும் ஒழுகல. டேங்கியில பெட்ரோல் ஊத்துனா, உள்ள இருக்குற காத்து வெளிய போவணும். அது போற மூக்கத்தான், தகட்டுக்கு எடம் பத்தலேன்னு கழட்டிட்டாங்க. வழிய ஊத்தச் சொன்னதுல காத்தோட பெட்ரோலும் படகு வயித்துக்குள்ள எறங்கிருச்சு. ஐயாவு பாதி டேங்கியில, மூக்கு இருந்தப்ப ஓட்டுனாரு. அதனால வாடையில்ல. ராமையா சாவியத் திருகுன பொறி போதுமா இருந்துச்சு."

"மூக்கக் கழட்டுன மடையன் எவன்?" என்று எழுந்தார் தலைவர்.

"கழட்டச் சொன்னவரு நீங்க. ஆறு வரியோட நிறுத்தியிருந்தா ராமையா இருந்திருப்பாரு."

"நான்... எல்லாம் சாமிக்காகத்தானே செஞ்சேன்."

"தகட்ட ரெண்டு தடவ படிச்சேன். சாமி பேரு எங்கயும் இல்லீங்க. வாங்க, ஜீப்பு நிக்கிது."

மெத்தை நாற்காலி காலியானது. மாரியம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள். வேலிக்கு அப்பால், வெயிலில், காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார் ஐயாவு. கக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம்.

"உள்ள வாண்ணே."

வந்தார். பொட்டலத்தைப் பிரிக்க அவர் கை வரவில்லை. பதினாறாம் நாள் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் கொண்டுவந்து போட வேண்டிய கோடிச் சேலை அது. அது தோளில் விழுந்தால்தான் அவள் தாலி இறங்கும்.

"இன்னும் எம்மேல கோவமா தங்கச்சி?"

"கோவம் இருந்தவரைக்கும் நீ வரமாட்டேங்கிற தெம்புல இருந்தேன்" என்றாள் மாரியம்மா. "நீ வரலேன்னா இதப் போட ஆளு இல்ல. போடலேன்னா அவரு இன்னும் முழுசாப் போவலேன்னு ஒரு நெனப்பு. இப்ப உன்மேல தப்பில்லேன்னு ஆயிருச்சு."

அவள் தலையைக் குனிந்தாள்.

"போடுண்ணே."

ஐயாவு சேலையை விரித்தார்.